டிலீட் பட்டனுக்குப் பக்கத்தில்

செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து அந்தச் சிவப்புக் கட்டம்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு. இந்த டாஸ்க்கை அழிக்க முடியாதுன்னு மட்டும் சொல்லும். ஏன்னு சொல்லாது. சனியன்.

மலேசியாவுல, பாசீர் கூடாங்ல பிளாஸ்டிக் மூடி செய்யுற ஃபேக்டரி. நான் தரப் பிரிவுல கிளார்க். கஸ்டமர்கிட்டேருந்து புகார் வந்தா, சிஸ்டத்துல ஒரு டாஸ்க் திறந்து, தப்பு யாரோடதோ அவங்க பேர்ல போடணும். அந்த முறை பெட்டியில லேபல் மாறிப்போச்சுன்னு புகார். ஒட்டினது பேக்கிங்ல இருந்த பொண்ணு. மாசாய்ல எங்க பிளாட்லயே மூணாவது மாடி, தினம் என் மோட்டார் சைக்கிள்ல பின்னாடி உக்காந்துதான் வேலைக்கு வருவா. ஆனா தப்பான லேபலை அடிச்சுக் கொடுத்ததே நான்தான். பேர் போடுற இடத்துல சிஸ்டம் தானாவே அவ பேரை நிரப்பிக் காட்டுச்சு. வேலையோட வேலையா நானும் கவனிக்காம சேவ் பண்ணிட்டேன்.

அப்புறம்தான் எச்ஆர்ல சொன்னாங்க. பேர்ல டாஸ்க் நிக்கிற கான்ட்ராக்ட் ஆளுங்களை இந்தத் தடவை புதுப்பிக்க மாட்டாங்களாம். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் எடுப்பாங்களாம். அலமாக், போச்சு! அவளும் கான்ட்ராக்ட், நானும் கான்ட்ராக்ட்.

அப்பவாவது டாஸ்க் அழியுமான்னு அதுல இருந்த போட்டோவை நீக்கிப் பார்த்தேன். புகாரோட இருந்த லிங்கைக் கழட்டினேன். ஐடி ஆளைக் கெஞ்சி அவரோட லாகின்லயும் முயற்சி பண்ணினேன். அதே கட்டம். ரெண்டாவது நாளே கோபம், பயம் எல்லாம் போயிருச்சு. உள்ளே மரத்துப்போய், விரல் மட்டும் தட்டிக்கிட்டு இருந்துச்சு.

வியாழக்கிழமை சாஃப்ட்வேர் கம்பெனி பதில் போட்டாங்க. பொறுப்பான ஆள் சைன் பண்ணி ஏத்துக்கிட்ட டாஸ்க்கை யாராலயும் அழிக்க முடியாது, வேணும்னா வேற ஒருத்தர் பேருக்கு மாத்திக்கலாம்னு.

நேரா பேக்கிங்குக்குப் போனேன். "ஏம்மா, அதை ஏன் சைன் பண்ணின? படிச்சுப் பார்க்க மாட்டியா?"

"டேப்லெட்ல அனுப்புனவங்கன்னு உங்க பேரு வந்துச்சுக்கா. நீங்க அனுப்புனா சரியாத்தானே இருக்கும் லா. ஓகே அமுக்கிட்டேன்." சிரிச்சுக்கிட்டே அடுத்த பெட்டியை இழுத்தா.

நான் திரும்பி என் மேசைக்கே வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில டிலீட் பட்டனுக்குப் பக்கத்துலயே இருந்த 'மாற்று' பட்டனை அமுக்கினேன். பேர் லிஸ்ட் உடனே திறந்துச்சு. என் பேரும் அதுல இருந்துச்சு. சிவப்புக் கட்டம் ஒண்ணும் வரல. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிருக்கும். லிஸ்ட்டை மூடினேன். மூடிட்டு மறுபடியும் டிலீட்டை அமுக்கினேன். பன்னெண்டு மணி அடிக்கிற வரைக்கும் அதையேதான் அமுக்கிக்கிட்டு இருந்தேன்.

எனக்குப் புதுப்பிச்சுட்டாங்க. அவளுக்கு அந்த மாசத்தோட சரி.

கடைசி நாள் அவளை இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். விடல, கையைப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. "அம்மா, அக்காவைச் சாப்பிடாம அனுப்பாதீங்க. எனக்காக நாலு நாளா அந்த சிஸ்டத்தோட மல்லுக்கட்டுனாங்க."

அவங்க அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே மீன் துண்டை என் தட்டுல வச்சாங்க. ரெண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.