மழை வேண்டாம் என்ற மன்றாட்டு

தொலைபேசியில் அப்பாவின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல் கேட்கும். அவர் சாம்பியாவில், ஓர் அணைக்கட்டின் அடியில், தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர். நானும் அம்மாவும் பனிநாடொன்றில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். ஞாயிறுதோறும் "டெப்பனேர்" என்ற மூலைக்கடையில் வாங்கிய தொலைபேசிக் கார்டைச் சுரண்டி அம்மா எண்களை அழுத்த, "மெஷின் கதைக்குது, கேக்குதோ பிள்ளை?" என்பார் அப்பா. எப்போது வருவீர்கள் என்று மட்டும் நான் கேட்கக் கூடாது. "கேட்டால் மனுசன் அங்கை சாப்பிடாமல் கிடக்கும்" என்பது அம்மாவின் சட்டம்.

அவராகவே ஒருநாள் சொன்னார்: "டாமிலை தண்ணி வத்தினால்தான் மெஷினை நிப்பாட்டுவினம், அப்பதான் லீவு." ஒன்பது வயதுக்காரிக்கு அது போதாதா? தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் பிள்ளைகள் மன்றாட்டு வாசிக்கும் முறை எனக்கு வந்தபோது, எழுதித் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "சாம்பியாவில் இந்த வருடம் மழை பெய்யாதிருக்க வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்" என்றேன். யார் காதில் வாங்கினார்கள்! கோயில் முழுவதும் பழக்கதோஷத்தில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரே குரலில் சொன்னது. அம்மா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த வருடம் அங்கே மழை பொய்த்தது, அடுத்த வருடமும். அப்பா வந்தார், லீவில் அல்ல, வேலை போய். "ஊர் முழுக்க இருட்டு. ஆசுப்பத்திரியிலையும் கறண்ட் இல்லை" என்று அவர் அம்மாவிடம் சொல்லக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். வீட்டுக்கு வந்தால், கடகடக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதன் இரைச்சலைக் கேட்டபடி பேசாமல் இருப்பார். தொலைபேசியில் அவ்வளவு கதைத்த மனிதரை நான் வீட்டுக்குள் தேடித் திரிந்தேன். அவர் தூரத்தில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்று பூசை முடிந்தபிறகே விளங்கிக்கொண்ட பங்குச் சனம் மன்றாட்டுக் கதையை அவரிடம் சொல்லிவிட்டது. ஒரு மாலை, அந்தக் கதிரையில் இருந்தபடியே கேட்டார்: "மழையை ஏன் பிள்ளை மறிச்சனீ? என்னை வாங்கோ எண்டு கேட்டிருந்தால் வந்திருப்பனே."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இருவரும் இன்று இல்லை. அப்பா போய் இது இரண்டாவது பனிக்காலம். அதே வீட்டில் நான் மட்டும். பழைய பெட்டி பழுதாகிப் புதியது வந்திருக்கிறது, அதற்குச் சத்தமே கிடையாது. கதிரையை மட்டும் எடுக்கவில்லை. சில மாலைகளில் அதைப் பார்த்து "வாங்கோ அப்பா" என்று வாய்விட்டே கேட்கிறேன். கேட்காதே என்று தடுக்க அம்மாவும் இல்லை.