தூமானை வளர்த்த பெரிசாத்

பெரிசாத்துக்கு ஆட வராது. சொன்னால் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஊரில் இடம் பிடித்து, கூட்டம் சேர்த்து, போலீஸ்காரர்களிடம் பல்லைக் காட்டி, ஒரு தலைமுறையையே ஆடவைத்தவள் அவள். ஆனால் இசை தொடங்கியதும் அவள் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வாசலில் நிற்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. உள்ளே போகிற முகங்களையும் வெளியே வருகிற முகங்களையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவள் அம்மா ஒரு தையல்கூடம் நடத்தினாள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பெரிசாத்தும் அங்கே மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் படித்த எல்தியார் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தான். மிச்ச நேரமெல்லாம் கணினியில் தாளம் கட்டிக்கொண்டிருப்பான். ஊரில் கிளப்புகள் இல்லாமல் இல்லை. மேஜை பதிவு செய்துவிட்டுப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிற பெண்களைச் சந்தையில் ஆடு பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி ஒரு கிளப்பின் வாசலில் எல்தியாரின் ஷூவைப் பார்த்துவிட்டு அவனைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் அவன் தையல்கூடத்துக்கு வந்து, துணிக்கட்டு மேல் உட்கார்ந்து புலம்பினான்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள் பெரிசாத். "அவங்க வாசல்ல போய் ஏன்டா நிக்கிற? நாமளே ஒரு வாசல் வச்சுக்குவோம்."

மூடிக்கிடந்த ஒரு விளையாட்டுப் பள்ளியில் தண்ணீர் இல்லாத நீச்சல்குளம் இருந்தது. காவல்காரரைச் சரிக்கட்டிச் சாவி வாங்கினார்கள். ஸ்பீக்கர்களைத் தானே கோத்துக் கொடுத்தவன் வீத்யா கிம் என்ற எலக்ட்ரீஷியன். கொரியக்காரன், வாயைத் திறந்தால் குத்தல்தான். குளத்துச் சுவரில் பதித்த ஓடுகளில் பட்டு ஓசை கண்ணாடி உடைகிற மாதிரி திரும்பி வந்தது. விற்காமல் கிடந்த பஞ்சுக் கோட்டுகளை அம்மாவுக்குத் தெரியாமல் அள்ளி வந்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டாள் பெரிசாத். முதல்நாள் ஆட வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். பாதிப் பேர் எல்தியாரின் சொந்தக்காரர்கள்.

மறுநாள் அம்மா ஒரு கோட்டை எடுத்து முகர்ந்தாள்.

"ஏன்டி, என்ன நாத்தம் இது? ஆட்டு மந்தையவா உள்ள விட்ட?"

"ஆளுங்கதாம்மா."

"அது இன்னும் மோசம்."

குழுவுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது வீத்யா சன்னலைத் திறந்தான். கரிப்புகையில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. "தூமான்னு வைங்க. இந்த ஊர்ல வேற என்ன தெரியுது?" என்றான். தூமான் என்றால் மூட்டம். அதுவே நிலைத்துவிட்டது.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ ஆட்டம் முடிந்தபோது ஒரு பெண் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எவனோ அவள் ஆடியதைப் படமெடுத்திருந்தான். பெரிசாத் அவனைப் பிடித்து, அழிக்கவைத்து, வெளியே தள்ளினாள். அதன்பிறகு உள்ளே வருகிற ஒவ்வொரு கைபேசியின் கேமரா மேலும் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டினாள். தையல்கூடத்தில் உடுப்புகளுக்கு அளவு ஒட்டுகிற வட்டத்தாள்தான் அது. "எனக்கு நாப்பத்தாறு வந்திருக்கு, நான் இளைச்சிட்டேன்" என்று பையன்கள் கேலி பேசிக்கொண்டே உள்ளே போவார்கள். கேலியாகத் தொடங்கியது, கொஞ்ச நாளில் தூமானின் அடையாளமாகிவிட்டது. அங்கே போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. வீட்டில் சொல்ல முடியாதவர்கள், வெளியே சொல்ல முடியாதவர்கள் எல்லாம் அந்தப் பேச்சை நம்பி வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் அக்மரால். தலாஸ் பக்கத்துக் கிராமத்துப் பெண். குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். இடது பக்க ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஆடுவாள். கண்ணைத் திறக்கவே மாட்டாள். அவள் ஆடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் தானாகவே கொஞ்சம் இடம் விடுவார்கள்.

"அக்கா, எங்க அண்ணன் கண்ணுல மட்டும் நான் பட்டுடக் கூடாது" என்று முதல்நாளே சொன்னாள். "அப்பா இல்ல. அவன்தான் எல்லாம்."

"இந்தக் கதவுக்குள்ள யாருக்கும் கண்ணு கிடையாது. போய் ஆடு போ" என்றாள் பெரிசாத்.

தூமான் வளர்ந்தது. குளத்திலிருந்து ஒரு நிலவறைக்குப் போனார்கள். அங்கே மூச்சுவிட இடம் போதாமல், மூடிப்போன ரொட்டித் தொழிற்சாலையின் மாவுக் கிடங்கைப் பிடித்தார்கள். வீத்யா ஸ்பீக்கரை முடுக்கியபோது கூரை உத்திரங்களில் எத்தனையோ வருஷமாகத் தங்கியிருந்த மாவு மெல்ல உதிர்ந்தது. ஆடி முடித்தவர்கள் தலை நரைத்து வெளியே வந்தார்கள். அல்மாத்தியிலிருந்து வேன் பிடித்து எல்லை தாண்டி வந்தார்கள். திபிலிசியிலிருந்து ஒரு டிஜே வந்து எல்தியார் வீட்டு அடுப்படியில் படுத்துக் கிடந்து, மூன்றுநாள் லக்மான் நூடுல்ஸ் தின்று, அழுதுகொண்டே விடைபெற்றான். எல்தியாரின் பெயர் வெளிநாட்டு இதழ்களில் வந்தது. அம்மாகூடத் தையல்கூடத்துப் பெண்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "எம்பொண்ணு பேரு கீழ சின்னதா இருக்கு பாரு" என்றாள்.

பிறகுதான் ஒரு குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். புது ஸ்பீக்கர்கள் தருகிறோம், பெர்லினிலிருந்து ஆள் வரவழைக்கிறோம், ஏரிக்கரையில் கோடைவிழா நடத்தலாம் என்றார்கள். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. விளம்பரத்துக்குக் கொஞ்சம் படமெடுக்க வேண்டும்.

"முடியாது" என்றாள் பெரிசாத்.

"முழுசா கேளுடி" என்றான் எல்தியார். "வாசிக்கிறவனை மட்டும்தான் எடுப்பாங்க. ஒரே கேமரா. மேடையத் தாண்டித் திரும்பாது."

"வாசிக்கிறவனுக்கு முன்னாடி சுவரா இருக்கு? ஜனம் இருக்கு."

"இருட்டுல யாரு தெரியப்போறா? இன்னும் எத்தன வருஷத்துக்கு மாவைத் தின்னுக்கிட்டுக் கிடக்கிறது? எனக்கு முப்பது தாண்டிடுச்சு பெரிசாத். இன்னும் கடையில கைபேசி கழட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

வீத்யாவைப் பார்த்தாள். அவன் அன்றைக்குக் குத்தலாக எதுவும் சொல்லவில்லை. புது ஸ்பீக்கரின் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் முகத்திலும் இருந்த ஆசையைக் கண்டு அவளுக்கு மனம் இளகியது.

"சரி. ஒரே கேமரா" என்றாள்.

அந்த ஒரு நாளைக்கு அவளும் வாசலிலிருந்து உள்ளே போய்க் கேமராக்காரனின் பக்கத்திலேயே நின்றாள். அவன் சொன்னபடிதான் எடுத்தான். ஆனால் விளக்கு ஒருமுறை சுழன்றபோது மேடையின் இடதுபக்கம் வெளிச்சமானது. வெளியான படத்தில் அது நான்கு விநாடி இருந்தது. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, ஈரத்தலையோடு அக்மரால். அதைவிட அழகாக அந்தப் படத்தில் எதுவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் அதையேதான் முகப்பில் போட்டார்கள். பெரிசாத் கத்தினாள். எல்தியார் அன்றைக்கே பேசி அதை நீக்கவைத்தான். அதற்குள் தலாஸில் ஊர்க்காரர்களின் கைபேசிகளில் எல்லாம் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த வாரம், நடுப்பகலில் பெரிசாத் கிடங்கைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்தான். ஆட்டுத்தோல் கோட்டு, வெயிலில் கறுத்த முகம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சலாம் அக்கா. இங்க பெரியவங்க நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"அக்மராலோட அண்ணன்."

அவள் துடைப்பத்தை முன்னால் நிறுத்திக்கொண்டாள். அடிக்க வந்திருப்பான் என்று நினைத்தாள். அவனோ சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

"எந்த இடத்துல ஆடினா?"

அவள் காட்டினாள். அங்கே போய் நின்றான். ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தான்.

"அந்தப் பாட்டு இருக்கா? கொஞ்சம் போடுங்களேன்."

போட்டாள். அவன் தலையைக் குனிந்து, ஏதோ புரியாத மொழிக்காரன் பேச்சைக் கேட்பது போல முழுசாகக் கேட்டான். முடிந்ததும் நிமிர்ந்தான்.

"இதுல வார்த்தையே இல்லையே."

"இல்ல தம்பி. இது அப்படித்தான்."

"வார்த்தை இருந்தாலாவது, இதுக்காகத்தான் அவ போனாள்னு ஊர்ல சொல்லிக்கலாம்."

"அவ எந்தத் தப்பும் பண்ணல. சத்தியமா. ஆடினா, அவ்வளவுதான். வேலை பாத்துக் களைச்சுப் போய் வருவா. ஆடிட்டு..."

"நீங்க நல்லவங்க மாதிரிதான் தெரியுது" என்று அவன் குறுக்கிட்டான். "அப்புறம் ஏன் படம் எடுக்க விட்டீங்க?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மீட்டர் பார்க்க வந்த வீத்யா வாசலில் அவனுக்கு எதிரே வந்தான். உள்ளே வந்து தெருப்பக்கம் கை காட்டினான். "வெளிய கார்ல அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சு. பின்சீட்ல. ரெண்டு பக்கமும் பொம்பளைங்க" என்றான். பெரிசாத் துடைப்பத்தோடு தெருவுக்கு ஓடினாள். உருகின பனியில் டயர்த் தடம்தான் இருந்தது.

அக்மராலின் கைபேசி அணைந்தே கிடந்தது. ஒரு மாதம் பொறுத்துவிட்டுப் பெரிசாத் வேன் ஏறித் தலாஸுக்குப் போனாள். கணவாயில் பனிச்சரிவு விழுந்து பாதிநாள் காத்துக்கிடக்க நேர்ந்தது. கிராமத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது அக்மராலின் தாய் மட்டும் இருந்தாள். யார் என்று கேட்காமலே உள்ளே அழைத்து, விரிப்பு போட்டு, தேநீர் ஊற்றினாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கியாம்மா? பெரிய டாக்டரம்மாவா?"

"இல்லம்மா. தெரிஞ்சவ."

கிழவி முகத்தை உற்றுப் பார்த்தாள். புரிந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"அவ இங்க இல்ல. கட்டிக் குடுத்தாச்சு. ஆத்துக்கு அந்தாண்ட ஊரு. நல்ல குடும்பம், நாலு பசு இருக்கு. பொண்டாட்டி செத்தவரு."

"வேலை?"

"வேலைக்கு என்ன அவசரம். அங்க குழந்தைங்க இருக்கு, பாத்துக்கிறா." கொஞ்சம் பொறுத்து, "எம்பொண்ணு சின்னதுல ஆடுவாளா என்னன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். இங்க ஆடினதே இல்ல" என்றாள்.

பெரிசாத் எழுந்தாள். கிழவி ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். ருசி பார்க்காமல் வாசல் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். வாயில் போட்டுக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்ததும் தூமானை நிறுத்திவிடலாம் என்றாள்.

எல்தியாரின் கண் சிவந்திருந்தது. "எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நினைக்கிறியா?" என்றான். "ஆனா சொல்லு. நாம நிறுத்திட்டா அவ திரும்பி வந்துடுவாளா? இங்க வர்ற மத்த பொண்ணுங்க எங்க போவாங்க?"

"எங்கயோ போகட்டும். என்னை நம்பி வரவேணாம்."

"கேமரா இனிமே கிடையாது. எழுதித் தர்றேன்."

"நான் சரின்னு சொன்னேன்டா. நீ கேட்ட, நான் சரின்னு சொன்னேன். எழுதி வச்சா அது மாறிடுமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. சாவியை வீத்யாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் மங்கிப்போய்த் தையல்கூடத்தை விற்கவேண்டி வந்தது. தோர்தோய் சந்தையில் ஒரு கண்டெய்னர் எடுத்து, ஜிப்பும் பொத்தானும் நூலும் விற்க உட்கார்ந்தாள் பெரிசாத்.

தூமான் நிற்கவில்லை. எல்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். உள்ளே கேமரா வரவிடவில்லை. ஏரிக்கரையில் கோடைவிழா நடக்கிறது. பெர்லின்காரர்கள் வருகிறார்கள். கிடங்கில் இப்போது மாவு உதிர்வதில்லை, கூரையை மாற்றிவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டு நிறைவுக்கும் எல்தியார் கூப்பிடுவான். "வாசல்ல வந்து சும்மா நில்லுடி" என்பான். சரக்கு வருகிற நாள் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள்.

போன இலையுதிர்காலத்தில், சந்தையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், இடுப்பில் குழந்தையோடு அக்மரால் வந்தாள். தலையில் முக்காடு, கூடவே வாட்டசாட்டமான மாமியார். முகம் அகன்றிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. பெரிசாத் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஜிப்புல கறுப்பு இருக்கா அக்கா? ஆம்பள ஜாக்கெட்டுக்கு" என்று அக்மரால் கேட்டாள்.

"இருக்கு" என்று ஒரு கட்டை எடுத்துப் போட்டாள்.

அக்மரால் ஒன்றை எடுத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். "சிக்குது. வேற குடுங்க."

வேறு கொடுத்தாள். கொடுக்கும்போது கை மேல் கை பட்டது. அக்மரால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரியைப் பார்க்கிற பார்வை. குழந்தை ஒரு பொத்தான் அட்டையைப் பிடித்து இழுத்தது. அதன் கையைப் பிரித்து அட்டையை இடத்திலே வைத்தாள்.

"வாம்மா, வேன் போயிடும்" என்றாள் மாமியார்.

"இதோ, அத்தை."

இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். மாமியார் முன்னே, இவள் பின்னே. பெரிசாத் எட்டிப் பார்த்தாள். வரிசை முடிகிற இடத்தில் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டது வரைக்கும் தெரிந்தது. திரும்பவில்லை.

வீத்யா மட்டும் எப்போதாவது கடைக்கு வருவான். அவனிடம் சொன்னாள்.

"அடையாளம் தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருந்துட்டாளா?" என்று அவன் கேட்டான்.

"தெரியல."

"பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா, கூட இருக்கிறவங்க யாருன்னு கேப்பாங்க. அவ என்னன்னு சொல்லுவா?"

வீத்யா தலையாட்டினான். அதற்குள் ஒரு தையல்காரி வந்து சட்டைப் பொத்தான் கேட்டாள், வெள்ளை, நாலு ஓட்டை. பெரிசாத் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள்.