சலூனில் இருந்த இரண்டு பவுடர் டப்பாக்கள்

என் தங்கை புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுபவன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், கருகிய கம்பியை வெட்டி உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். ஓடுகிற மோட்டாரின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே பேரிங் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். தெருவே அவனைக் காயில் என்றுதான் கூப்பிடும். எனக்கு அவன் மாப்பிள்ளை மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆகவே அவனைப் பற்றி நான் மரியாதையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் தையற்காரன். என் கடைக்கும் அவன் பட்டறைக்கும் நடுவில் சலூன். எனக்குப் புகை கிடையாது, குடி கிடையாது, பந்தயமும் கட்டமாட்டேன். ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால், என்ன விழுந்தது, யார் போட்டது என்று தெரியும்வரை என் தையல் மெஷின் நகராது. இதைப் போய் யாராவது கெட்ட பழக்கம் என்பார்களா?

டயர் கடை மாடியில் சீட்டாட்டம் நடக்கும். மாப்பிள்ளை பல வருஷம் அங்கேதான் குடியிருந்தான். அவனை என்ன பிடித்து ஆட்டுகிறது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு விளக்கம். இரத்தத்திலேயே இருக்கிறது என்பார் சலூன்காரர். இது ஒரு வியாதி, மருந்து இருக்கிறது என்பார் மருந்துக் கடைக்காரர். வேலை போதவில்லை, கொழுப்பு என்பார் தச்சர். ஒருநாள் காயில் சுற்றும் மெஷினையே பந்தயத்தில் வைத்துத் தோற்றுவிட்டு வந்து நின்றான். என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவன் கூப்பிட வந்தபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்.

"சீட்டு மட்டும் இல்லைங்க. எந்தப் பந்தயமும் கூடாது. ஒரு டீக்குக்கூடக் கட்டக் கூடாது. இனி ஒரு தடவை கட்டினீங்கன்னா நானும் பொண்ணும் இங்க வந்துடுவோம். அப்புறம் கூப்பிட வராதீங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். அவனுக்கும் அது தெரியும். சரியென்று தலையாட்டிவிட்டு இருவரையும் கூட்டிப்போனான்.

அன்றிலிருந்து மாடிப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மெஷின் இல்லாததால் கையால்தான் சுற்றினான். மெஷினில் சுற்று எண்ணுவதற்கு முள் இருந்தது, இப்போது அவன் வாய்தான் முள். எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய்ப் பேசினால் கடித்துக் குதறிவிடுவான்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன்.

"ஏன் மாப்ளே, ஜெயிக்கணும்னுதானே ஆடுனே?"

"ஜெயிக்கிறதுக்குன்னா ஜெயிச்சதும் எழுந்து வந்திருப்பேனே. சீட்டு கவுந்து கிடக்கும் பாரு, அதைத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி இருக்கு. அதுக்குத்தான்."

"அட, இவ்வளவுதானா? திருப்பாம விட்டுட்டு வர வேண்டியதுதானே!"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குப் புரியாது மச்சான்" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. புரியாத அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

தெரு அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டது. அவன் சலூனுக்குள் நுழைந்தால் பந்தயப் பேச்சு சட்டென்று நின்று, எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். ஏனென்றால் அந்த சலூனில் எதற்கும் பந்தயம் உண்டு. அடுத்து வருவது பஸ்ஸா லாரியா, மருந்துக் கடைக்காரர் இன்று தும்முவாரா மாட்டாரா, எல்லாம் டீக்கு. சீட்டாடுகிறவன் சூதாடி, டீக்குக் கட்டுகிறவன் சும்மா பொழுதுபோக்குகிறவன். இது அவர்களே எழுதிக்கொண்ட சட்டம்.

கடைசியில் அவன் பேரிலேயே பந்தயம் வைத்துவிட்டார்கள். வருஷக் கடைசிவரை காயில் தாங்குவானா, விழுவானா? அலமாரியில் இரண்டு காலிப் பவுடர் டப்பா. மூடியில் சோடா மூடி நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. சிவப்பு ரப்பர் பேண்டு போட்டது தாங்குவான் டப்பா, போடாதது விழுவான் டப்பா. சோடா மூடிக்குள் தன் அடையாளத்தைக் கீறி, யாரும் பார்க்காதபோது ஏதாவது ஒன்றில் போட வேண்டும். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஒரு மாதம் டீ வாங்கித் தர வேண்டும். கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், "நம்ம காயில் தாங்கிடுவாரு, நான் அதுலதான் போட்டேன்" என்றார்கள். தச்சர் நெஞ்சில் கைவைத்தே சொன்னார். நான் போடவில்லை. எதில் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் டப்பாவைத் தொட சலூன்காரர் விட்டால்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முடி வெட்ட வந்து உட்கார்ந்தான். நான் பெஞ்சில் பேப்பர் படிக்கிற சாக்கில் இருந்தேன். தச்சரும் மருந்துக் கடைக்காரரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்டி முடித்த சலூன்காரர் ரேடியோவில் நினைப்பாக, பின்பக்கம் கையை நீட்டி, பவுடர் டப்பா என்று நினைத்து ரப்பர் பேண்டு போடாத டப்பாவை எடுத்தார். தட்டினார். பவுடர் வரவில்லை. கட்டிதட்டிவிட்டது என்று மூடியைக் கழற்றி, அவன் பிடரிக்கு மேலே கவிழ்த்தார்.

சட்டைக் காலருக்குள்ளும் மடியிலும் தரையிலும் சோடா மூடிகள் கொட்டின.

சலூன்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். வேறு வழி? தச்சர் குனிந்து மூடிகளை அவசரமாகப் பொறுக்கினார், தன்னுடையதைத் தேடினாரோ என்னவோ. மாப்பிள்ளை தன் மடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான். ஒன்றைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

பிறகு எழுந்துபோய் ரப்பர் பேண்டு போட்ட டப்பாவை எடுத்தான். காதோரம் வைத்து ஒரு குலுக்கு. ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, தரையில் மூடிகள் கலகலத்துக்கொண்டிருந்தன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவன் முகம் மாறியது. டயர் கடை மாடியில் நான் பார்த்த பழைய முகம்.

"நானும் ஒண்ணு போடலாமா? தாங்குவேன்னு?"

"தாராளமா!" என்றார் சலூன்காரர், தப்பித்த சந்தோஷத்தில். "உங்க மேல நீங்களே போடறது பந்தயமா என்ன? சத்தியம் மாதிரி!"

தரையிலிருந்து ஒரு மூடியை எடுத்து டப்பாவின் வெட்டுக்கு நேராகப் பிடித்தான். அதைப் போட்டால் என் தங்கை பெட்டியைக் கட்டிவிடுவாள். போடாதே என்று கத்த வாயெடுத்தேன், ஆனால் போடுவானா மாட்டானா என்று பார்க்கும் ஆசை என் வாயை அடைத்துவிட்டது. வெட்கக்கேடு!

அவன் கையைப் பின்னால் இழுத்தான். மூடியை மேஜைமேல் வைத்தான். டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

"இதை நீ வெச்சிரு மச்சான். திறக்காதே. திருப்பாம விடறது லேசுன்னியே, நாளைக்குக் காலையில வரைக்கும் விட்டுப் பாரு."

"இதென்ன பிரமாதம்!" என்றேன்.

டப்பாவை மெஷின் டிராயரில் வைத்துவிட்டு ஒரு ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்தேன். ரவிக்கையின் கைத்துணியைத் தோளில் வைப்பதற்குப் பதில் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி அப்படியே தைத்தேன்.

சாயங்காலம் தங்கை வந்தாள். முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். பெட்டி இல்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டார்ணே. கை போயிடுச்சாம், திருப்பி எடுத்துட்டாராம்." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "தாங்குவான் டப்பா என்னா கனம்னு சொன்னாரு! இந்தத் தெரு ஜனங்க எல்லாரும் அவரை நம்பியிருக்காங்கன்னு நினைக்கவே எனக்கு எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமாண்ணே?"

அவள் தெருமுனை திரும்பும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. டிராயரை இழுத்தேன். மூடியைத் திறந்தேன்.

உள்ளே பவுடர் வாசனை மட்டும்தான் இருந்தது.

நெஞ்சில் கைவைத்த தச்சர், சத்தியம் மாதிரி என்ற சலூன்காரர், மருந்து இருக்கிறது என்ற மருந்துக் கடைக்காரர், ஒருவரும் இதில் போடவில்லை. போடாத நான் எந்த விதத்தில் உசத்தி? அவமானமாக இருந்தது. மேஜைமேல் கிடந்த ஒரு கோட்டுப் பொத்தானை எடுத்து உள்ளே போட்டு, மூடியை அழுத்தி, ரப்பர் பேண்டை இருந்தபடியே மாட்டினேன்.

காலையில் பட்டறைக்குப் போனேன். அவன் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான், முடிக்கும்வரை நின்றேன். கம்பியை முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

"இந்தா மாப்ளே. தொடக்கூட இல்லை" என்று கொடுத்தேன்.

நேற்றுப் போலவே டப்பாவைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினான். பொத்தான் கடகடத்தது. அவன் என்னையே பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் மட்டும் சிரித்தது.

"திறந்துட்டியா மச்சான்?"