சிலந்தி சுற்றிப் போன வழி

குன்னூர் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெளுத்த வேட்டி கட்டி, மடியில் ஆரஞ்சுப் பழப் பை வைத்திருந்தார். வெலிங்டன் பஸ் வரும்போதெல்லாம் எழுந்து காலரைச் சரிசெய்வார். ஏறாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவார். நான் வலியப் பேசுகிறவன் இல்லை. அவரே சொன்னார்.

"மக ஊட்டுக்குங்க. அவளாப் பண்ணிக்கிட்ட கல்யாணம், நான் போகல. அப்பருந்து பேச்சில்ல. இப்பப் போனா உள்ள விடுவாளோ என்னமோ."

எதிர்த் தூணில் ஒரு சிலந்தி வலை. அதன் ஓரத்தில் சருகுத் துணுக்கு போல வேறொரு சிலந்தி நின்று, பூச்சி மாட்டிக்கொண்டதைப்போல நூலைச் சுண்டியது. வலைக்காரச் சிலந்தி அசையவில்லை. வந்த சிலந்தி சுண்டும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தது.

"பயந்துட்டுதுங்க," என்றேன்.

"இருங்க, பாக்கலாம்."

அது தூணுக்குப் பின்னால் மறைந்து, வெகுநேரம் கழித்து வலைக்கு மேலே வந்தது. அங்கிருந்து தன் நூலில் தொங்கி இறங்கி, வலையைத் தொடாமலே வலைக்காரச் சிலந்தியைக் கடித்துப் பிடித்துவிட்டது.

அவர் எழுந்துகொண்டார். "கோத்தகிரி பஸ் எங்கீங்க நிக்கும்? சம்பந்தி ஊடு அங்கதான். மொதல்ல அவுங்களப் பாத்துப் பேசிட்டு, அவுங்களையும் கூட்டிக்கிட்டு மககிட்டப் போறேன்."

"பாத்துங்க, அந்தச் சிலந்தியாட்டம் கடிச்சிராதீங்க!" எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

நான் காட்டிய கோத்தகிரி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஏறினார்.

மகள் வீடு வெலிங்டனில் எந்தத் தெரு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம் போகும்போது திறந்திருக்கும் கதவு ஏதாவது தெரிந்தால், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.