ரயில் அடுப்பில் காய்ச்சிய பால்

பழைய ரயில் அடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு இனி உதவாது.

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்ட் குளிர்காய்ந்து தேத்தண்ணி வைத்த வார்ப்பிரும்பு அடுப்புகளைச் சேர்க்கிறவன் நான். கராஜில் நான்கு நின்றன. நான்கும் வெடிப்பு விழுந்தவை, பார்க்க மட்டும்தான். எரிக்கக்கூடிய ஒன்றுக்காக ஒன்பது வருடம் அலைந்தேன். மார்ச் கடைசிச் சனிக்கிழமை அது கிடைத்தது.

காலை 6.10க்கு அஜின்கோர்ட்டிலிருந்து வாடகை வானில் (நாளுக்கு 118 டொலர்) புறப்பட்டேன். போகவேண்டிய இடம் கிங்ஸ்ரனுக்கு வடக்கே. என் வீட்டிலிருந்து 285 கிலோமீற்றர், மூன்றேகால் மணித்தியாலம். கடைசி இருபது கிலோமீற்றரில் போன் வேலை செய்யாது. வழியை முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் ஒரு வெல்டர். இரண்டு குளிர்காலம் அந்த அடுப்பைத் திருத்த மினக்கெட்டவர். விலை 1,900 டொலர். கூடத் தர ஆட்கள் இருந்தும், எரிப்பேன் என்று நான் சொன்னதால் எனக்குத் தந்தார். முதல் நெருப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். சூட்டில் ஈரம் படக்கூடாது என்று மூன்று தரம் சொன்னார். நான் மழையை நினைத்து அடுப்பை மூட 24 டொலருக்குத் தறப்பாள் வாங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

மேல்தட்டைச் சுற்றி இரண்டு அங்குல விளிம்பு இருந்தது. ரயில் குலுங்கினாலும் தேத்தண்ணிக் கேத்தில் விழாமலிருக்க வைத்ததாம்.

பின்னேரம் நேரே ஸ்ரௌவ்வில் என்கிற ஊருக்குப் போனேன். தங்கச்சியின் புதுவீட்டுப் பின்வளவில் அடுப்பை இறக்கினோம். மறுநாள் காலை வீட்டுக்குப் பால் காய்ச்ச இருந்தார்கள். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"அண்ணா, உதிலயே பாலைக் காய்ச்சுவமே. வீட்டின்ர முதல் நெருப்பு உங்கட அடுப்பா இருக்கட்டும்."

"ஓம், காய்ச்சுவம்" என்றேன். வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு 7.40க்குப் பால் பொங்கியது. பொங்கி வழியத்தானே வைக்கிறோம். சிரித்தோம், படமெடுத்தோம். வழிந்த பால் நிலத்துக்கு ஓடவில்லை. அந்த விளிம்பு மறித்ததால் கொதிக்கிற தட்டிலேயே தேங்கி நின்றது. டக் என்று ஒரு சத்தம். தட்டு குறுக்கே வெடித்து, வெடிப்பு பக்கச்சுவர் வரை இறங்கிவிட்டது. ஒன்பது வருடமும் அந்த ஒரு சத்தத்தோடு போனது.

"நல்லாப் பொங்கிச்சுது, என்ன அண்ணா?" என்றாள் தங்கச்சி. அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.

போகிறவர்கள் இரண்டு பேராகப் போங்கள், அடுப்பு 130 கிலோ. கட்ட நல்ல பட்டி கொண்டுபோங்கள். பாலைக் குசினி அடுப்பில் காய்ச்சுங்கள். வெடித்ததை ஒட்டலாம், ஆனால் நம்பி எரிக்க முடியாது என்று விசாரித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். கராஜில் இப்போது ஐந்து நிற்கின்றன.

படம் எங்கே என்று வெல்டர் மூன்று தரம் மெசேஜ் போட்டுவிட்டார். என்னிடம் இருப்பது ஒரேயொரு படம். அடுப்பு எரிகிறது, நாங்கள் சிரிக்கிறோம், பால் வழிகிறது. பார்த்ததும் அவருக்கு விளங்கிவிடும். ஐந்து கிழமையாக நான் பதில் போடவில்லை.