ரஹீம் பாயின் துலக்கிய பதக்கங்கள்

"அண்ணாத்த, நம்ம பாய் பூட்டாரு" என்று முனுசாமி போனில் சாவுச் செய்தி சொன்னபோது பொத்தேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எந்த பாய் என்று கேட்கவில்லை. செங்கல்பட்டு நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தாரான நமக்கு பாய் என்றால் புதுப்பட்டினம் ரஹீம் பாய்தான்.

நாமெல்லாம் சோழர் காசுக்கு அலைந்தபோது, தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்ற இவர் ஜெர்மனியின் பழைய சமஸ்தானப் பதக்கங்களைச் சேர்த்தார். போர்ப் பதக்கங்கள் அல்ல. நெடுங்காலம் ஒழுங்காக வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கும் வனக்காவலர்களுக்கும் அந்தச் சிற்றரசர்கள் கொடுத்த வெள்ளிப் பதக்கங்கள். "இன்னா பாய், கத்தி புடிச்சவன் மெடலு ஒண்ணுகூட இல்லியா?" என்று சீண்டுவேன்.

"கத்தி புடிச்சவன் ஊரைப் புடிப்பான். ஊரு ஓடறது, காலைல வந்து ஆபீசு தொறக்கறவனாலதான்" என்பார். நானும் ஆபீசு திறந்தவன்தான். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

நம் கண்காட்சியில் வருஷா வருஷம் இரண்டாம் பரிசோடு திரும்பிய மனிதர் அவர். முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை மறைக்கவும் இல்லை. போன வருஷம் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

பதக்கப் பெட்டியைக் கண்காட்சிக்கு வேனில் ஏற்றி வந்தவர், சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த முனுசாமி. நல்ல காரியத்துக்கு முன்னால் வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் துலக்குவது அவர் வீட்டு வழக்கம். துலக்கிவிட்டார். பழைய வெள்ளியில் படிந்த கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி, அதைத் தேய்த்தால் மதிப்பே போச்சு என்று அவருக்குத் தெரியாது.

"பளிச்சுனு கீதா பாய்?" என்றார் பெருமையாக.

பாய் முகம் செத்துவிட்டது. "கீது, முனுசாமி. மாப்புள்ள மாதிரி கீது" என்றார்.

சென்னையிலிருந்து வந்த நடுவர் பதக்கத்தைக் கையில் எடுத்ததும் கொதித்தார். "உங்களைக் கேக்காம வேற யாராவது தேச்சிருந்தா சொல்லுங்க. பழைய போட்டோவை வெச்சு மார்க் போடறேன். ஆனா அந்த ஆளு சங்கத்துல இருக்கக் கூடாது."

முனுசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான்தான் சார் தொலக்கச் சொன்னேன்."

அந்த வருஷம் இரண்டாம் பரிசும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் வேனில் முனுசாமி அழுதார். "அட, மெடலு வாங்கின அன்னிக்கு அந்த ஜெர்மன்காரன் வூட்டுல இப்படித்தான்யா மின்னியிருக்கும்" என்று பாய் அவரைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

புதுப்பட்டினம் பள்ளிவாசலில் அவர் உடலைச் சுமந்த சந்தூக்குக்கு முனுசாமியும் தோள் கொடுத்தார். பாய் பெரிய மனசுக்காரர், யோசிக்காமல் விட்டுக்கொடுத்தார் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். தப்பு. யோசித்தார்; பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தப் பரிசு அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வேண்டியிருந்தும் விட்டாரே, அந்தத் தயக்கத்தைத்தான் நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.