அவன் வைத்த அளவு

அக்கா கனடாவிலிருந்து வந்த அன்று, வாடகை வான் வண்டியின் கூரையில் அவளுடைய பெட்டிகளுக்கு மேலே ஒரு நீளமான கறுப்புப் பை கட்டப்பட்டிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை, வான் நின்ற இடமெல்லாம் அவள் இறங்கி அந்தப் பையின் கட்டைத்தான் தொட்டுப் பார்த்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். மகன் இறந்த பிறகு அவள் ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாகியிருந்தது. அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை விறாந்தையில் பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு பலகைகள். நீரில் சறுக்குவதற்கானவை. ஆனால் இரண்டும் சோடியல்ல. ஒவ்வொன்றும் தனிப் பலகை. ஒரே பலகையில் ஒரு காலை முன்னும் மற்றக் காலைப் பின்னுமாக வைத்துக்கொண்டு, படகு கயிற்றால் இழுக்க, நீரில் மிதக்கும் குறிகளைச் சுற்றி இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போவார்கள். ஸ்லாலம் என்று அதற்குப் பெயர். அக்காவும் அவள் மகனும் அங்கே ஒரு ஏரியில் கோடை முழுவதும் அதைத்தான் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை.

எங்களுடையது தொண்டைமானாற்றில் ஒரு கடலோடிக் குடும்பம். ஆண்கள் எல்லோரும் தண்ணீரில்தான் வளர்ந்தோம். பெண்பிள்ளை கடற்கரைக்குப் போவதென்றால் வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அக்கா நீந்தப் பழகியதே நாற்பது வயதில்தான். மகன் பலகையில் ஓடப் பழகிய கோடையில், கரையில் குந்தியிருந்து பார்க்கப் பிடிக்காமல் தானும் இறங்கினாளாம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு ஃபைபர் படகும் நாற்பது குதிரைவலு எஞ்சினும் இருக்கின்றன. இரண்டு பேர் அதை மீன்பிடித் தொழிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சித்திரை விடுமுறையில் கடனீரேரியில் எனக்குக் காலையில் படகு வேண்டும் என்று அவர்களிடம் கேட்டேன். சோளகக் காற்று தொடங்குவதற்கு முந்திய நாட்கள் அவை. விடிந்து சிறிது நேரத்துக்கு ஏரி அசையாமல் கிடக்கும்.

"எதிலை ஓடப்போறாய்?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவன்ரையிலை."

"உனக்கு அது பெரிசெல்லோ?"

"பெரிசுதான்" என்றாள்.

பலகையைத் தெரிவுசெய்வது ஆளின் எடையையும் படகின் வேகத்தையும் பொறுத்தது என்று அவளேதான் எனக்குச் சொல்லியிருந்தாள். அவளுடைய பலகை கட்டையானது, நடுவில் அகலமானது; மெதுவான படகுக்குப் பின்னாலும் மிதந்து நிற்கும். மகனுடையது நீளம், ஒடுக்கம், வளையாத விறைப்பு. நெடுத்த, பாரமான ஒரு பொடியனை வேகமான படகு இழுப்பதற்காக வாங்கியது. என் எஞ்சினோ மீன் பெட்டிகளை ஏற்றி வருவதற்காக வாங்கியது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அவள் தன்னுடையதைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

"அங்கை எல்லாருக்கும் அவன் ஓடினதைத் தெரியும், தம்பி. நான் இதோடை இறங்கினா கரையிலை வந்து நிண்டு பாப்பினம். இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் கொண்டந்தனான்."



மிதக்கும் குறிகளாக, வெள்ளை பிளாஸ்டிக் கான்களில் கல்லைக் கட்டி, ஆழமான பக்கத்தில் இடைவெளி விட்டு இறக்கினோம். என் மனைவி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து அக்காவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. படகை ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். விழுந்தால் சொல்ல ஒருவர் தேவை. மனைவிக்குத் தண்ணீர் பயம். மச்சாளான அக்காவுக்காக வந்து, படகின் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மகனின் பலகையில் காலை நுழைக்கப் பொருத்தியிருந்த சப்பாத்து அக்காவின் காலுக்குப் பெரிது. இரண்டு சோடிக் காலுறைகளைப் போட்டு இறுக்கினாள். நான் எஞ்சினை முறுக்கினேன். அவள் எழும்பினாள். நீளமான பலகை என்பதால் எழும்புவது சுகமாக இருந்தது. முதல் கானுக்கு வெளியே போனாள். அங்கே திரும்புவதற்காக உடம்பைச் சரித்தாள். பலகை திரும்பவில்லை. அவள் இன்னும் சரிந்தாள்.

"விழுந்திட்டா! மச்சாள் விழுந்திட்டா!"

நான் படகைத் திருப்பியபோது, சப்பாத்திலிருந்து கால் கழன்று, பலகை தனியாகக் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. அதன் அடியில் வால் பக்கமாக இருக்கும் சிறிய உலோகச் செட்டை வெயிலில் மின்னியது. அக்கா எங்களை நோக்கி வரவில்லை. ஒரு காலை அடிக்க முடியாமல், கைகளால் மட்டும் அந்தப் பலகையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்த பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு உடையவில்லை. கணுக்கால் கறுத்து வீங்கிவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். மனைவி மூலிகையை அவித்துப் புக்கை கட்டிவிட்டாள். ஒருநாள் கட்டை மாற்றும்போது, "மச்சாள், காலுக்கு அளவில்லாத சப்பாத்தைப் போட்டு நடக்கவே ஏலாது. உதோடை தண்ணிக்குள்ளை போகலாமோ?" என்று கேட்டாள். அதட்டலாக அல்ல, வருத்தமாகத்தான்.

அக்கா சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு, "சப்பாத்தை மாத்தலாம். செட்டையைத் தொடேலாது" என்றாள்.

அன்று பின்னேரமே தன் பலகையிலிருந்து சப்பாத்துகளைக் கழற்றினாள். பிறகு மகனுடையதற்கு வந்தாள். நான் திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்தேன். முன் சப்பாத்து கையோடு வந்தபோது அவள் அதற்குள் கையை விட்டாள். உள்ளே மெத்தையில் அவனுடைய குதிக்காலும் விரல்களும் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. விரல்களை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து எடுத்தாள். பிறகு ஒரு துவாயில் சுற்றி, அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, தன் சப்பாத்தை அந்த இடத்தில் பொருத்தினாள்.

கால் சுகமானதும் மறுபடி போனோம். இம்முறை விழவில்லை. ஆனால் பலகை அவளுக்குப் பணியவுமில்லை. கானைத் தாண்டி, சரித்து, காத்திருந்து, கண்டல் மரங்கள் நிற்கும் கரை நெருங்கியதும் கயிற்றை விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். படகில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நான் சொல்லுறது இதுக்குக் கேக்குதில்லை" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள். மகனுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். கடைசிக் கோடையில் அவனால் கயிற்றுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கைகள் மெலிந்துவிட்டன. ஆனாலும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வான். மரப் படகுத்துறையில் ஒரு கதிரையைப் போட்டு, மடியில் பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு செட்டையைச் சரிசெய்வான். கீழே இறக்குவான், ஏற்றுவான், முன்னுக்குத் தள்ளுவான், அளப்பான். செட்டை ஆழமாக இறங்கினால் வால் நீரைப் பிடித்துக்கொள்ளும். பாரமானவன் வேகமாக வரும்போது அந்தப் பிடி வேண்டும். ஏற்றினால் வால் இலகுவாக வழுக்கித் திரும்பும். ஒரு பரீட்சைத் தாளின் தடிப்புக்கு அசைத்தாலே காலில் தெரியுமாம்.

"எத்தினை கிலோவுக்கு வைக்கிறாய் எண்டு கேட்டனான். அப்ப அவன் என்னைவிடப் பாரம் குறைவு, தம்பி. நான் தூக்கித்தான் காரிலை இருத்துறனான். 'வாற வருசம் பழையபடி எண்பது கிலோ வந்திடுவனம்மா, அதுக்குத்தான் வைக்கிறன்' எண்டான். நான் ஓமெண்டு சொன்னன்."

தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த அளவு தண்ணியிலை இறங்கவேயில்லை. அதை ஒருக்கா ஓடிப் பாக்கவேணும் எண்டுதான் வந்தனான்" என்றாள்.

"ஓடிப் பாத்திட்டாய்தானே, அக்கா" என்று சொன்னேன்.  சொன்ன பிறகு அது சரியான வார்த்தையா என்று பயமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். "ஓடிப் பாத்திட்டன்."

இரண்டு நாள் பலகையைப் பற்றிய பேச்சே இல்லை. செல்வச்சந்நிதி கோயிலுக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் காலை, வேணியர் அளவுகோலையும் திருகாணி கழற்றும் சிறிய சாவியையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். மனைவி நிலத்தில் உட்கார்ந்து பலகையின் முனையை மடியில் தாங்கிக்கொண்டாள். அக்கா கண்ணாடியைப் போட்டு, செட்டையின் ஆழத்தை அளந்து, ஓர் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். வாலிலிருந்து அதன் தூரத்தை அளந்து இன்னோர் எண்ணைச் சொன்னாள்.

"எங்கையும் குறிச்சு வைப்பமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். குறிச்சு வைச்சா நான் திருப்பித் திருப்பி அங்கைதான் போவன். நீயும் ஞாபகத்திலை வைச்சிருக்காதை."

கணக்கு வாத்தியாரிடம் அப்படிச் சொன்னால் என்ன செய்வது? எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு எண்களும் பாடம்.

சாவியைத் திருகாணியில் வைத்துத் திருப்பினாள். உப்பும் காலமும் இறுக்கியிருந்தன. "நான் செய்யட்டோ?" என்று கையை நீட்டினேன். "விடு" என்றாள். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது இளகிய சத்தம்தான். ஆனாலும் நாங்கள் மூவரும் எதையோ உடைத்துவிட்டவர்களைப்போல ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அக்கா அடுத்த திருகாணிக்குப் போனாள். என் மனைவியின் கண்ணிலிருந்து வழிந்தது. இரண்டு கையும் பலகையில் இருந்ததால் அவளால் துடைக்க முடியவில்லை. அக்கா தன் சேலைத் தலைப்பால் அவளுக்குத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அதன் பிறகு வந்த காலைகள் எல்லாம் வேலையாகவே போயின. ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. இரண்டை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முதலில் செட்டையை மேலே ஏற்றினாள். வால் அளவுக்கு மேல் வழுக்கி, பலகை அவளைப் பக்கவாட்டில் எறிந்தது. கொஞ்சம் இறக்கினாள். அடுத்த நாள் சப்பாத்துகளை ஒரு துளை முன்னுக்குத் தள்ளினாள். அப்போதுதான் அவளுடைய குறைந்த எடைக்கும் பலகையின் முன்பக்கம் நீரில் பதியத் தொடங்கியது. படகில் வேகம் கூட்ட முடியாததால் மற்ற எல்லாவற்றையும் அந்த வேகத்துக்கு ஏற்றபடி செய்யவேண்டியிருந்தது. மீன்பிடித்து வந்தவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு அலை எழுப்பாமல் தடியூன்றிப் போனார்கள். நாங்கள் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒருநாள். என் முதுகுக்குப் பின்னால் மனைவி எதுவும் சொல்லாமல் இருந்தாள். வழமையாக, "போறா, போறா, அய்யோ" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு கானைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பலகை கூர்மையாக, சத்தமில்லாமல் திரும்பியது. அடுத்த கானுக்குக் குறுக்கே வந்தாள். அதையும் சுற்றினாள். வெள்ளை நுரை ஒரு பக்கம் எழும்பி விழ, அடுத்ததற்குப் போனாள். நான் முன்னால் பார்க்க வேண்டியவன். கரை வந்துவிட்டது என்று மனைவி தோளில் அடித்த பிறகுதான் திரும்பினேன்.

அவளைப் படகில் ஏற்றினோம். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல், பலகையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

"நல்லாத் திரும்புது" என்றாள். பிறகு, "அவனுக்கு உது பிடிச்சிருக்காது. இவ்வளவு மெல்லப் போனா கத்துவான். பொறுமை இல்லாத பிறவி. ஒருநாள் நான் மெல்ல ஓட்டுறன் எண்டு கயிற்றை எறிஞ்சுபோட்டு நீந்தியே கரைக்குப் போனவன், தெரியுமோ?" என்றாள்.

இரண்டு வருடமாகத் தொலைபேசியில் அவள் மகனைப் பற்றிச் சொன்னதெல்லாம் நல்லவைதான். அவன் கோபித்துக்கொண்டு நீந்திப் போன கதையை அன்றுதான் கேட்டேன். அதைச் சொல்லிச் சிரித்தவள், அந்தச் சிரிப்பிலேயே அழத் தொடங்கினாள். சத்தமாக, நிறுத்தாமல் அழுதாள். நான் எஞ்சினை நிறுத்தினேன். மனைவி, தண்ணீர் பயத்தையும் மறந்து, ஆடுகிற படகில் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று எழும்பும் வரைக்கும் அங்கேயே மிதந்துகொண்டிருந்தோம்.

அவள் திரும்பிப் போனபோது தன் அகலமான பலகையை இங்கே விட்டுவிட்டுப் போனாள். ஆனி மாதம் ஒருநாள் வீடியோ அழைப்பில் வந்தாள். பின்னால் ஏரி தெரிந்தது. தலைமயிர் ஈரமாக இருந்தது.

"இஞ்சை படகுக்கு வேகம் கூட, தம்பி. உங்கை வைச்ச அளவு இதுக்குச் சரிவரேல்லை. நாளைக்குச் செட்டையைக் கொஞ்சம் இறக்கவேணும்."

"அத்தான் எங்கை?"

கைபேசியைத் திருப்பினாள். அத்தான் படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். "உன்ரை அக்காவுக்கு இண்டைக்கு நாலு முறை விழுந்தும் காணாதாம்" என்றார். "இன்னொருக்கா இழுக்கட்டாம்."